என்ஜின் மாற்றிய பழைய ஸ்போர்ட்ஸ் கார்: கோளாறை அறிகுறியிலிருந்து பிடிப்பது எப்படி

பழைய ஸ்போர்ட்ஸ் காரைப் பிரித்து, துருவை வெட்டி, பெயின்ட் அடித்து, அதற்குள் வேறொரு காரின் என்ஜினை வீட்டு ஷெட்டிலேயே இறக்கியாயிற்று. சாவியைத் திருப்பினால் ஒன்றும் நடக்கவில்லை. அல்லது நடக்கக் கூடாதது ஏதோ நடக்கிறது. இந்த இடத்தில் பலரும் என்ஜினைத்தான் சந்தேகப்படுவார்கள். சென்சாரை மாற்றுவார்கள், பம்பை மாற்றுவார்கள், கடைசியில் சிலிண்டர் ஹெட்டையே கழற்றிவிடுவார்கள்.

அதற்கு முன் ஒன்றை யோசியுங்கள். டோனர் காரில், அதாவது என்ஜினைக் கழற்றி எடுத்த காரில், நன்றாக ஓடிய என்ஜின், இடம் மாறியதால் மட்டும் கெட்டுப்போவதில்லை. பழைய பாடியும் தன் சொந்த என்ஜினோடு வருஷக்கணக்கில் ஒழுங்காகத்தான் இருந்தது. புதிதாக வந்தவை என்ஜினும் பாடியும் ஒன்றையொன்று தொடும் இடங்கள் மட்டுமே: எர்த் கேபிள், இக்னிஷன் சுவிட்சிலிருந்து வரும் வயர், பெட்ரோல் லைன், ரேடியேட்டர் ஹோஸ், கிளட்ச் மாஸ்டர் சிலிண்டர், ப்ரொப்பல்லர் ஷாஃப்ட், கேஜ்களுக்குப் போகும் சென்சார்கள். நீங்கள் வெட்டியது, ஒட்டியது, வெல்டு வைத்தது, அடாப்டர் போட்டது எல்லாம் அங்கேதான். கோளாறையும் முதலில் அங்கேதான் தேட வேண்டும். கீழே உள்ள ஒவ்வொரு அறிகுறிக்கும் இந்த வரிசையில்தான் போகிறேன்: முதலில் இணைப்பு, அப்புறம் பழைய காரின் பாகம், கடைசியாக என்ஜின்.

கையில் இருக்க வேண்டியவை அதிகமில்லை. ஒரு மல்டிமீட்டர், ஒரு டெஸ்ட் லாம்ப், பெட்ரோல் பிரஷர் கேஜ், தனியாக ஒரு ஆயில் பிரஷர் கேஜ், இரண்டு கார்களின் வயரிங் படங்கள். டோனர் காரின் வயரிங்கைச் சுருக்கும்போது ஓ.பி.டி. சாக்கெட்டை (கோளாறைப் படிக்கும் ஸ்கேனரைச் செருகும் இடம்) வெட்டி எறியாதீர்கள். 1996 முதல் அமெரிக்காவில் விற்ற கார்களில் ஓ.பி.டி.2 கட்டாயம் என்பதால், அதற்குப் பிந்தைய என்ஜின்கள் பலவற்றில் ஒரு சாதாரண ஸ்கேனரே பாதி வேலையைச் செய்துவிடும். காருக்கு அடியில் போகும்போது ஜாக்கை மட்டும் நம்பக் கூடாது, ஸ்டாண்டு போட்டே ஆக வேண்டும். பெட்ரோல் லைனைத் திறக்கும் நாளில் தீயணைப்பான் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம்தான். இரண்டை ஒன்றாகச் செய்தால் எது சரிசெய்தது என்று தெரியாது, பழுது திரும்பி வந்தாலும் புரியாது.

செல்ஃப் எடுக்கவில்லை, ‘டிக்’ சத்தம் மட்டும் வருகிறது

பேட்டரி முனைகளில் நேரடியாக மீட்டரை வையுங்கள். முழு சார்ஜில் உள்ள 12 வோல்ட் பேட்டரி சும்மா இருக்கும்போது 12.6 வோல்ட் அளவு காட்டும். செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே விழுந்தால் பேட்டரியைக் கவனியுங்கள். விழாமல் 12-க்கு மேலேயே நின்றால், கரன்ட் போய்ச் சேரவே இல்லை என்று அர்த்தம். வழியில் எங்கோ தடை இருக்கிறது.

அந்தத் தடையைக் கண்ணால் தேட வேண்டாம், மீட்டரால் தேடுங்கள். மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் முனையிலும், இன்னொன்றை என்ஜின் பிளாக்கில் சுரண்டிய வெறும் உலோகத்திலும் வைத்து, ஒருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் பாதை சரியில்லை. பாசிட்டிவ் பக்கத்தில் பேட்டரி முனையிலிருந்து செல்ஃப் மோட்டாரின் பெரிய போல்ட் வரை இதே சோதனை, அங்கே 0.5-க்குள் இருக்க வேண்டும்.

என்ஜின் மாற்றிய கார்களில் எர்த் கெடுவதற்கு இரண்டு காரணம் அடிக்கடி வரும். ஒன்று, புது பெயின்ட். பாடியை அழகாகப் பெயின்ட் அடித்துவிட்டு அதன் மேலேயே எர்த் போல்ட்டை முடுக்கியிருப்பீர்கள். போல்ட் இறுக்கமாக இருக்கும், ஆனால் அடியில் உலோகம் உலோகத்தைத் தொடாது. சுரண்டி, பல் வைத்த வாஷர் போட்டு, முடுக்கிய பிறகு மேலே கிரீஸ் தடவுங்கள். இரண்டாவது, என்ஜினுக்கும் பாடிக்கும் இடையில் இருக்க வேண்டிய எர்த் பட்டையைப் போட மறப்பது. என்ஜின் ரப்பர் மவுன்ட்டில்தான் உட்கார்ந்திருக்கிறது. பட்டை இல்லையென்றால் பாடியோடு அதற்குச் சரியான தொடர்பே கிடையாது. அப்போது கரன்ட் தானாக வேறு வழி தேடும். செல்ஃப் அடித்த கையோடு ஆக்ஸிலரேட்டர் கேபிளின் உறையைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தாலோ, முனையில் மெல்லிய புகை வந்தாலோ, உறை உருகிச் சுருங்கியிருந்தாலோ, செல்ஃப் மோட்டாரின் மொத்தக் கரன்ட்டும் அந்த மெல்லிய கம்பி வழியாகத்தான் திரும்பிப் போகிறது. உடனே நிறுத்துங்கள். உள்ளே உருகி ஒட்டிக்கொண்ட கேபிள் பிற்பாடு ஓட்டும்போது ஆக்ஸிலரேட்டரைத் திறந்தபடியே பிடித்துக்கொள்ளும். அதைச் சுத்தம் செய்து பயன்படுத்தக் கூடாது, மாற்றத்தான் வேண்டும்.

முன்பக்கம் இடம் போதாமல் பேட்டரியை டிக்கிக்கு மாற்றியிருந்தால் கேபிளின் தடிமனைப் பாருங்கள். 25 சதுர மி.மீ. செம்புக் கேபிள் 5 மீட்டர் ஓடினால், 200 ஆம்பியருக்கு அந்தக் கேபிளிலேயே 0.7 வோல்ட் தொலைந்துபோகும். 50 சதுர மி.மீ. என்றால் அதில் பாதி. டிக்கிப் பேட்டரிக்கு நான் 50-க்குக் குறைவாகப் போடவே சொல்ல மாட்டேன். பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஒரு பெரிய ஃப்யூஸும் வேண்டும். கார் முழுக்க ஓடும் கேபிள் அது.

‘டிக்’ கூட வரவில்லை என்றால் சொலினாய்டுக்கு (செல்ஃப் மோட்டாரை இயக்கும் மின்காந்த சுவிட்ச்) போகும் மெல்லிய வயரைப் பாருங்கள். டோனர் காரில் கிளட்ச் சுவிட்ச், நியூட்ரல் சுவிட்ச் என்று ஏதாவது அந்த வழியில் இருந்திருக்கும். அதை வெட்டிய இடத்தில் வயர் அந்தரத்தில் தொங்கும்.

குளிராக இருக்கும்போது நன்றாக எடுத்து, ஓடி நிறுத்திய கொஞ்ச நேரத்துக்கு மட்டும் எடுக்காவிட்டால் காரணம் வேறு. எக்ஸாஸ்ட் குழாய் செல்ஃப் மோட்டாரை ஒட்டிப் போகிறது. குறுகிய என்ஜின் அறையில் பெரிய என்ஜினைத் திணித்தால் இது வரும். இடையில் ஒரு வெப்பத் தடுப்புத் தகடு போட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

ஒரு எச்சரிக்கை. 1960-களின் நடுப்பகுதி வரை வந்த பல பிரிட்டிஷ் கார்கள் பாசிட்டிவ் எர்த். பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியில் இருக்கும். எம்.ஜி.பி. கூட 1967-ல்தான் நெகட்டிவ் எர்த்துக்கு மாறியது. இ.சி.யு. (என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) உள்ள எந்த என்ஜினையும் இணைப்பதற்கு முன் கார் முழுவதையும் நெகட்டிவ் எர்த்துக்கு மாற்றியாக வேண்டும். தலைகீழாகக் கொடுத்தால் இ.சி.யு.வும் ஆல்டர்னேட்டர் டயோடும் போய்விடும்.

செல்ஃப் சுற்றுகிறது, ஆனால் ஸ்டார்ட் ஆகவில்லை

பொறி இருக்கிறதா, பெட்ரோல் இருக்கிறதா என்று பார்ப்பது எல்லோருக்கும் தெரியும். மாற்றிய காரில் அதற்கு முன் ஒரு கேள்வி உண்டு: செல்ஃப் சுற்றும் அந்த நேரத்தில் இ.சி.யு.வுக்குப் பவர் இருக்கிறதா?

பழைய இக்னிஷன் சுவிட்சில் சாவியை ‘ஸ்டார்ட்’ நிலைக்குத் திருப்பியதும் சில முனைகளுக்குப் பவர் நின்றுவிடும். ஹீட்டர், வைப்பர் போன்றவற்றை நிறுத்திச் செல்ஃபுக்கு முழுக் கரன்ட்டும் கொடுப்பதற்காக அப்படி. அந்த முனையிலிருந்து இ.சி.யு.வுக்கு வயர் எடுத்திருந்தால், சாவி ‘ஆன்’ நிலையில் எல்லாம் உயிரோடு இருக்கும், பம்ப் ஓடும், செல்ஃப் அடித்த கணத்தில் இ.சி.யு. செத்துவிடும். ‘ஆன்’, ‘ஸ்டார்ட்’ இரண்டிலும் பவர் உள்ள வயரைத் தேடி எடுங்கள். அந்த வயரை நேராக இ.சி.யு.வுக்குக் கொடுக்காமல் ஒரு ரிலேயை இயக்க மட்டும் பயன்படுத்துங்கள். பவர் பேட்டரியிலிருந்து ஃப்யூஸ் வழியாக வரட்டும். ஐம்பது வருஷப் பழைய சுவிட்சின் மேல் புது என்ஜினின் சுமையை ஏற்றுவது நியாயமில்லை.

இன்னொரு கண்ணி, காயிலுக்குப் போகும் பழைய வயர். பல கார்களில் அது சாதாரண வயர் இல்லை, தடையுள்ள வயர், அல்லது நடுவில் பேலஸ்ட் தடை ஒன்று இருக்கும். பழைய காயிலுக்குக் குறைந்த வோல்ட்டேஜ் போதும் என்பதால் வைத்தது அது. சும்மா மீட்டர் வைத்தால் 12 காட்டும், சுமை ஏறியதும் 9-க்கு வந்துவிடும். இ.சி.யு.வையோ எலெக்ட்ரானிக் இக்னிஷனையோ அதில் மாட்டினால் சில நேரம் ஓடும், சில நேரம் ஓடாது. இந்தக் காரணத்தால்தான் வயரிங்கை எப்போதும் சுமையோடு சோதிக்கச் சொல்கிறேன்: ஒரு ஹெட்லைட் பல்பை மாட்டி அளந்தால் வேஷம் கலைந்துவிடும். செல்ஃப் அடிக்கும்போது பிடித்து, சாவியை விட்ட நொடியில் நின்றுபோகும் கார் என்றால் நேராக இந்த வயருக்குப் போங்கள்.

பவர் சரியாக இருந்தால், செல்ஃப் அடித்தபடியே ஸ்கேனரில் என்ஜின் வேகத்தைப் பாருங்கள். நிமிஷத்துக்கு 150, 200 சுற்று என்று ஏதாவது காட்ட வேண்டும். பூஜ்யம் என்றால் கிராங்க் சென்சாரின் சிக்னல் வரவில்லை. பொறியும் வராது, பெட்ரோலும் வராது. சென்சாருக்கும் பல் சக்கரத்துக்கும் இடைவெளி சுமார் 1 மி.மீ. இருக்கும், அடாப்டர் பிளேட்டோ வேறு ஃப்ளைவீலோ போட்டிருந்தால் அது கூடியிருக்கலாம். வேகம் காட்டியும் ஸ்டார்ட் ஆகாமல் வெடித்தால் பல் எண்ணிக்கையைச் சந்தேகப்படுங்கள். ஜெனரல் மோட்டார்ஸின் எல்.எஸ். வகை வி8 என்ஜின்களில் முந்தைய தலைமுறையின் சக்கரத்தில் 24 துடிப்பு, பிந்தையதில் 58. ஒன்றின் என்ஜினோடு மற்றதன் இ.சி.யு.வை மாட்டினால் எத்தனை செல்ஃப் அடித்தாலும் பயனில்லை.

டிஸ்ட்ரிபியூட்டர் உள்ள என்ஜினில் கார்புரேட்டர் வழியாகத் திருப்பி வெடித்தால், டிஸ்ட்ரிபியூட்டர் அரைச் சுற்று தள்ளி உட்கார்ந்திருக்கலாம். முதல் சிலிண்டர் அழுத்த முடிவில் மேலே நிற்கும்போது ரோட்டார் முதல் பிளக் வயரைப் பார்க்க வேண்டும். ரோவர் வி8 என்றால் சிலிண்டர்கள் வெடிக்கும் வரிசை 1-8-4-3-6-5-7-2. இதில் 5-ம் 7-ம் பக்கத்துப் பக்கத்து சிலிண்டர்கள், அடுத்தடுத்து வெடிப்பவையும்கூட. அந்த இரண்டு பிளக் வயர்களையும் ஒன்றாகக் கட்டி ஓட்டினால் ஒன்றின் பொறி மற்றதில் தூண்டப்பட்டு மிஸ்ஸிங் வரும். பிரித்து ஓட்டுங்கள்.

ஸ்டார்ட் ஆகிறது, இரண்டு நொடியில் நின்றுவிடுகிறது

ஒவ்வொரு முறையும் கிட்டத்தட்ட அதே நேரத்தில் நின்றால் அது இம்மொபிலைசர். டோனர் காரின் சாவியில் உள்ள சிப்பை இ.சி.யு. தேடுகிறது, கிடைக்கவில்லை, பெட்ரோலை நிறுத்துகிறது. சாவி, அதைப் படிக்கும் வளையம், அதன் பெட்டி மூன்றையும் சேர்த்துக் கொண்டுவர வேண்டும், இல்லையென்றால் இ.சி.யு.வில் அந்தச் சரிபார்ப்பை நீக்க வேண்டும். என்ஜின் வாங்கும்போதே சாவியையும் கேட்டு வாங்குவது புத்திசாலித்தனம். நேரம் ஒழுங்கில்லாமல் ஒரு தடவை சட்டென்றும் ஒரு தடவை தாமதமாகவும் நின்றால் பெட்ரோல் பிரஷரைப் பாருங்கள்.

சாவியை எடுத்தும் என்ஜின் ஓடிக்கொண்டே இருக்கிறது

பயமுறுத்தும் அறிகுறி, ஆனால் காரணம் எளிது. ஆல்டர்னேட்டரின் சார்ஜ் விளக்கு வயர் வழியாகவோ, இன்னும் சுற்றிக்கொண்டிருக்கும் மின்விசிறி மோட்டார் வழியாகவோ, கரன்ட் தலைகீழாக வந்து இக்னிஷன் ரிலேயைப் பிடித்து வைத்திருக்கிறது. சார்ஜ் விளக்கு வயரில் சரியான திசையில் ஒரு டயோடு போட்டால் நின்றுவிடும். விசிறிக்குத் தனி ரிலே, தனி ஃப்யூஸ்.

இதற்குப் பக்கத்து வீட்டுக் கோளாறு, சார்ஜ் ஏறாமல் இருப்பது. பல ஆல்டர்னேட்டர்கள் விழித்துக்கொள்ள சார்ஜ் விளக்கின் பல்பு வழியாக வரும் சிறு கரன்ட் வேண்டும். டேஷ்போர்டில் அந்த பல்பை எல்.இ.டி.யாக மாற்றியிருந்தால் கரன்ட் போதாது. ஐட்லிங்கில் சார்ஜ் ஏறாது, ஒரு தடவை ரேஸ் செய்தால் ஏறும். பழைய பல்பைத் திருப்பிப் போடுங்கள். ஓடும்போது பேட்டரியில் 13.8 முதல் 14.5 வோல்ட் வரை இருக்க வேண்டும்.

டேஷ்போர்டுக்குப் பின்னால் கருகல் வாடை வந்தால் அம்மீட்டரைப் பாருங்கள். 30 ஆம்பியருக்கு வடிவமைத்த பழைய அம்மீட்டர் வழியாகப் புது ஆல்டர்னேட்டரின் மொத்தக் கரன்ட்டும் போகிறது. அதன் வழியாக விடாமல் நேராக பேட்டரிக்குத் தடித்த கேபிள் போடுங்கள். டேஷ்போர்டில் வோல்ட் மீட்டர் இருந்தால் போதும்.

ஆயில் பிரஷர் காட்டவில்லை

ஓடவிட்டுப் பார்க்கும் விஷயம் இல்லை இது. பிரஷர் தெரியும்வரை பிளக்குகளைக் கழற்றி, பெட்ரோலையும் இக்னிஷனையும் நிறுத்தி, செல்ஃபில் மட்டும் சுற்றுங்கள். காரின் கேஜை நம்பாமல் என்ஜினிலேயே ஒரு இயந்திரக் கேஜை மாட்டுங்கள்.

கிராஸ்மெம்பர் இடிக்கிறது என்று சம்பின் (என்ஜினுக்கு அடியில் ஆயில் தங்கும் தொட்டி) வடிவத்தை மாற்றியிருந்தால் ஆயில் உறிஞ்சும் குழாயும் அதோடு மாறியிருக்க வேண்டும். குழாயின் வாய்க்கும் சம்பின் அடிக்கும் இடைவெளி 6 முதல் 10 மி.மீ. வரை. வாய் தரையில் ஒட்டினாலும் ஆயில் வராது, மிக உயரமாக இருந்தால் வளைவில் காற்றை இழுக்கும். ஒரு உருண்டை களிமண்ணை வாயில் ஒட்டிச் சம்பை மாட்டிக் கழற்றினால், நசுங்கிய தடிமன்தான் உங்கள் இடைவெளி. எல்.எஸ். என்ஜினில் அந்தக் குழாயின் ஓ-ரிங் மடங்கி உட்கார்ந்தாலே பிரஷர் விழும். ஆயில் ஃபில்டரைத் தள்ளி வைத்து ஹோஸ் போட்டிருந்தால் உள்ளே போவதும் வெளியே வருவதும் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். ஃபில்டருக்குள் இருக்கும் வால்வு தலைகீழ் ஓட்டத்தை அடைத்துவிடும்.

பழைய பாணி தட்டை டேப்பெட் உள்ள கேம்ஷாஃப்ட் புதிதாகப் போட்டிருந்தால், பிடித்த உடனே நிமிஷத்துக்கு 2000 சுற்றுக்கு மேல் 20 நிமிஷம் ஓடவிட வேண்டும், துத்தநாகம் சேர்ந்த ஆயிலில். அதனால்தான் ஆயில், பெட்ரோல், டைமிங், தண்ணீர் எல்லாவற்றையும் முன்கூட்டியே உறுதிசெய்துகொள்ளச் சொல்கிறேன். அரைகுறையாக ஐட்லிங்கில் விட்டு விட்டு ஓட்டினால் கேம் தேய்ந்துவிடும்.

ஹீட் ஆகிறது

மாற்றிய கார்களில் மிக அதிகமாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது இதுதான். பெரிய ரேடியேட்டர் வாங்குவதற்கு முன் ஒரு கேள்விக்குப் பதில் கண்டுபிடியுங்கள்: நிற்கும்போது ஹீட் ஆகிறதா, ஓடும்போதா?

நிற்கும்போது ஏறி, ஓடினால் இறங்கினால் குறை காற்றில் இருக்கிறது. ரேடியேட்டரின் முன்பக்கம் ஒரு தாளைப் பிடியுங்கள். தாள் ரேடியேட்டரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். ஒட்டாமல் முன்னால் பறந்தால் விசிறி தலைகீழாகச் சுற்றுகிறது. இரண்டு வயரை மாற்றிப் போட்டால் தீர்ந்தது. லேசாக நடுங்கி விழுந்தால் விசிறிக்கு வோல்ட்டேஜ் போதவில்லை, அல்லது விசிறியைச் சுற்றிக் கூண்டு இல்லாமல் அதன் வட்டம் மட்டும் காற்றை இழுக்கிறது, மீதி ரேடியேட்டர் சும்மா இருக்கிறது.

ஓடும்போது ஏறினால் தண்ணீரின் ஓட்டத்தையும் ரேடியேட்டரின் திறனையும் பாருங்கள். அதற்கும் முன் ரேடியேட்டரின் ஓரங்களைப் பாருங்கள். காற்று எளிய வழியில்தான் போகும். பக்கவாட்டில் விரல் நுழையும் இடைவெளி இருந்தால் ரேடியேட்டரைச் சுற்றிக்கொண்டு போய்விடும். தகடும் ரப்பரும் வைத்து அடையுங்கள். உள்ளே வந்த காற்றுக்கு வெளியேற இடம் வேண்டும் என்பதும் அதே அளவு முக்கியம். பெரிய கியர்பாக்ஸ் டனலை அடைத்துக்கொண்டால் சூடான காற்று என்ஜின் அறையிலேயே தேங்கிவிடும். கீழ் ஹோஸையும் கவனியுங்கள்: என்ஜினை ரேஸ் செய்யும்போது அது சப்பிப்போனால் பம்ப் உறிஞ்சும் இழுவை அதை மூடுகிறது, உள்ளே ஸ்பிரிங் வேண்டும். பெல்ட் பாதையை மாற்றியிருந்தால் தண்ணீர் பம்ப் எந்தத் திசையில் சுற்றுகிறது என்று உறுதிசெய்யுங்கள். பெல்ட்டின் பின்பக்கத்தால் சுற்றும்படி வடிவமைத்த பம்பை முன்பக்கத்தால் சுற்றினால் தண்ணீர் பெயரளவுக்குத்தான் ஓடும்.

எம்.ஜி.பி. ஜி.டி. வி8-ஐத் தொழிற்சாலையே 1973 முதல் 1976 வரை செய்தது. 3528 சி.சி. அலுமினிய வி8-ஐ அந்த மூக்குக்குள் வைக்க அவர்கள் ரேடியேட்டரை முன்னால் தள்ளி, இரண்டு மின்விசிறிகள் போட்டார்கள். வீட்டில் செய்பவர்களுக்கு அந்த ஏற்பாடு இன்றைக்கும் நல்ல வழிகாட்டி.

நின்றாலும் ஓடினாலும் ஒழுங்கில்லாமல் முள் திடீரென்று ஏறி இறங்கினால் உள்ளே காற்று அடைத்திருக்கிறது. தாழ்ந்த பானெட் உள்ள கார்களில் ரேடியேட்டரின் வாய் என்ஜினின் மேல்பகுதியைவிடக் கீழே இருக்கும். அங்கே ஊற்றி எவ்வளவு நிரப்பினாலும் ஹெட்டில் காற்று தங்கும். எல்லாவற்றுக்கும் மேலே, ஃபயர்வால் (என்ஜின் அறைக்கும் உள்ளே உட்காரும் இடத்துக்கும் நடுவில் உள்ள தகடு) பக்கம், ஒரு ஹெடர் டேங்க் வைத்து அதில்தான் மூடி இருக்க வேண்டும். எல்.எஸ். என்ஜினின் ஹெட்டுகளில் நீராவி வெளியேற மெல்லிய துளைகள் உண்டு. அவற்றை அடைத்துவிடாமல் குழாய் மூலம் அந்த டேங்குக்குக் கொண்டுபோங்கள். நிரப்பும்போது காரின் மூக்கை உயர்த்தி, ஹீட்டரைத் திறந்து வைத்து, மூடி இல்லாமல் ஓடவிடுங்கள். தெர்மோஸ்டாட் திறந்ததும் வாயில் பெரிய குமிழிகள் ஒன்றிரண்டு ‘பொளக்’ என்று வந்து மட்டம் சட்டென்று இறங்கும். மறுபடி நிரப்புங்கள். கொஞ்ச நேரத்தில் குமிழி நின்றுவிட வேண்டும். நிற்காமல் சின்னச் சின்னக் குமிழிகள் சோடா போல வந்துகொண்டே இருந்தால், ரேஸ் செய்யும்போது அதிகமானால், அப்போதுதான் ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகப்பட வேண்டும். நீல நிறத் திரவம் உள்ள சோதனைக் குழாயை வாயில் வைத்துப் பார்த்தால், எரிந்த வாயு வந்தால் அது மஞ்சளாக மாறும்.

மூடியின் அழுத்தத்தையும் மறக்க வேண்டாம். பாதிக்குப் பாதி கூலன்ட் கலந்த தண்ணீர் 15 பி.எஸ்.ஐ. மூடியின் கீழ் 129 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. மிகப் பழைய ரேடியேட்டரில் இருந்த 4, 7 பி.எஸ்.ஐ. மூடியை அப்படியே வைத்தால் நவீன என்ஜின் சாதாரணமாக ஓடும் சூட்டிலேயே வெளியே கக்கும்.

கடைசியாக: உண்மையிலேயே ஹீட் ஆகிறதா? பழைய கேஜும் புது என்ஜினின் சென்சாரும் ஒரே மொழி பேசுவதில்லை. கேஜின் ஜோடியான பழைய சென்சாரை அடாப்டர் திருகு போட்டு என்ஜினில் வையுங்கள். திருகில் டெஃப்லான் டேப்பைக் கட்டிக் கட்டிச் சுற்றினால் சென்சாரின் எர்த் கெட்டுவிடும், அதையும் பாருங்கள். அகச்சிவப்பு வெப்பமானியைத் தெர்மோஸ்டாட் கூண்டின் மேல் காட்டினால் உண்மை எண் தெரியும்.

வளைவில் இழுவை போகிறது, நேர் ரோட்டில் சரியாக இருக்கிறது

பழைய டேங்குக்குள் தடுப்பு இல்லை. பெட்ரோல் ஒரு பக்கம் ஒதுங்கும்போது பம்ப் காற்றை இழுக்கிறது. கார்புரேட்டருக்கு அது பொருட்டில்லை, அதன் கிண்ணத்தில் கொஞ்சம் இருப்பு இருக்கும். இன்ஜெக்‌ஷனுக்கு அரை நொடி காற்று வந்தாலும் தெரியும். குறைந்த அழுத்தப் பம்ப் ஒன்று சின்னச் சேமிப்புக் குடுவையை நிரப்ப, அதிலிருந்து உயர் அழுத்தப் பம்ப் இழுக்கும்படி செய்வதுதான் நிரந்தரத் தீர்வு.

அழுத்தங்கள் எவ்வளவு வேறுபடுகின்றன என்று பாருங்கள்: எஸ்.யு. கார்புரேட்டருக்கு 3 பி.எஸ்.ஐ. அளவு, சாதாரண இன்ஜெக்‌ஷனுக்கு 43, எல்.எஸ்.ஸுக்கு 58. கார்புரேட்டர் கால ரப்பர் ஹோஸை இன்ஜெக்‌ஷன் லைனில் விட்டுவைக்கவே கூடாது. உயர் அழுத்த ஹோஸும் அதற்கென்ற கிளிப்பும் போடுங்கள். இது தீப்பற்றும் விஷயம்.

எந்த ரோட்டிலும் ஓடஓட இழுவை குறைந்தால் டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். ‘ஸ்ஸ்’ என்று காற்று உள்ளே போய், அதன் பிறகு நன்றாக ஓடினால், பெயின்ட் வேலையின்போது டேங்கின் காற்றுக் குழாய் அடைபட்டிருக்கிறது. அது இல்லையென்றால் ஃபில்டரை வெட்டிப் பாருங்கள். உள்ளே பழுப்புப் பொடி இருந்தால் டேங்கின் துரு.

கியர் விழவில்லை, ரிவர்ஸில் கரகரக்கிறது

கிளட்ச் எண்ணெய் லைனில் உள்ள காற்றை எடுத்தும் சரியாகாவிட்டால் கணக்குப் போடுங்கள். பெடல் ஒரு தடவை அழுத்தினால் மாஸ்டர் சிலிண்டர் தள்ளும் எண்ணெயின் அளவும், ரிலீஸ் பேரிங் முழுதாக நகரத் தேவையான அளவும் பொருந்த வேண்டும். பழைய காரின் மாஸ்டர், டோனரின் ஸ்லேவ் (அந்த எண்ணெயை வாங்கிக் கிளட்சைத் தள்ளும் சிலிண்டர்) என்று கலந்து போட்டால் பொருந்தாமல் போவதுதான் இயல்பு. 5/8 அங்குல மாஸ்டரை 3/4 அங்குலமாக மாற்றினால் அதே பெடல் அசைவில் 44 சதவீதம் அதிக எண்ணெய் போகும். பெடலும் அதே அளவு கனமாகும். ஃபயர்வால் பெடலோடு சேர்ந்து வளைகிறதா என்றும் ஒருவரை அழுத்தச் சொல்லிப் பாருங்கள். அரை சென்டிமீட்டர் அங்கே வளைந்தால் அது கிளட்சுக்குப் போய்ச் சேரவில்லை.

ஹைட்ராலிக் சரியாக இருந்தும் கரகரப்பு நிற்காவிட்டால் பெல் ஹவுசிங் (என்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் கிளட்சை மூடும் கூடு) மையத்தில் இல்லை. அடாப்டர் பிளேட் போட்டவர்கள் கியர்பாக்ஸை மாட்டும் முன்பே டயல் கேஜ் வைத்து அளக்க வேண்டிய விஷயம் இது; 0.13 மி.மீ.க்குள் வர வேண்டும். சரியான இடத்தில் பொருத்தி நிறுத்தும் டவல் பின் இல்லாமல் வெறும் போல்ட்டில் நிறுத்திய கியர்பாக்ஸ் பைலட் பேரிங்கையும் இன்புட் ஷாஃப்டையும் தின்றுவிடும்.

குறிப்பிட்ட வேகத்தில் அதிர்கிறது

அந்த வேகத்தில் கிளட்சை மிதித்து நியூட்ரலில் விடுங்கள். அதிர்வு நின்றால் என்ஜின் பக்கம், நிற்காவிட்டால் ப்ரொப்பல்லர் ஷாஃப்ட் அல்லது சக்கரம். ஷாஃப்ட் என்றால் கோணத்தை அளங்கள். கியர்பாக்ஸின் வெளிவரும் முனையும் ஆக்சிலின் பினியனும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும். ஒவ்வொரு யுனிவர்சல் ஜாயின்ட்டின் கோணமும் 1 முதல் 3 டிகிரிக்குள். சக்கரங்கள் தரையில் எடை தாங்கி நிற்கும்போது அளக்க வேண்டும், ஆக்சில் தொங்கும்போது அளந்தால் எண் பொய். கியர்பாக்ஸுக்குள் நுழையும் யோக்குக்கு உள்பக்கம் இன்னும் 20 மி.மீ.யாவது போக இடம் இருக்கட்டும்.

பிரேக் பெடல் கல் மாதிரி இருக்கிறது, அல்லது பஞ்சு மாதிரி இருக்கிறது

கல் மாதிரி என்றால் வேக்கம் போதவில்லை. என்ஜினை நிறுத்திப் பெடலை நாலைந்து தடவை அழுத்தி, அழுத்தியபடியே ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் லேசாகக் கீழே இறங்க வேண்டும். இறங்காவிட்டால் பூஸ்டருக்குப் போகும் குழாயையும் அதன் வால்வையும் பாருங்கள். முரட்டு கேம்ஷாஃப்ட் உள்ள என்ஜின் ஐட்லிங்கில் வேக்கமே சரியாகத் தராது. அதற்கு மின்சார வேக்கம் பம்ப் வேண்டும்.

பஞ்சு மாதிரி என்றால், பெரிய காலிப்பர் மாட்டும்போது இடதும் வலதும் மாறிவிட்டனவா என்று பாருங்கள். காற்று எடுக்கும் நிப்பிள் மேலே இருக்க வேண்டும். கீழே இருந்தால் எத்தனை பாட்டில் எண்ணெய் ஊற்றினாலும் மேலே உள்ள காற்று அசையாது.

முதல் தடவை ரோட்டுக்குக் கொண்டுபோகும் முன் இன்னொரு சோதனை. பிரேக்கைப் பிடித்துக்கொண்டு, கியரில் போட்டு, கிளட்சைக் கொஞ்சமாக விடுங்கள். இன்னொருவர் பக்கவாட்டில் நின்று, காரின் முன்னால் வராமல், என்ஜின் எவ்வளவு சாய்கிறது என்று பார்க்கட்டும். சாயும்போது எக்ஸாஸ்ட் குழாய் ஸ்டீயரிங் ஷாஃப்டையோ பிரேக் பைப்பையோ தொடக் கூடாது, ஆக்ஸிலரேட்டர் கேபிள் இழுபடக் கூடாது. ரிவர்ஸிலும் ஒரு தடவை செய்யுங்கள், அப்போது மறுபக்கம் சாயும். அப்புறம் என்ஜினை நிறுத்தி, ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் முழுதாகத் திருப்பி, முன் பிரேக் ஹோஸ்கள் எங்கும் உரசாமல் இருக்கின்றனவா என்று கையால் தடவிப் பாருங்கள்.